முன்னாள் படைவீரர் வீடுகளில் இரவுக் கூச்சல், குடி, சாயங்காலப் பயம்: எது வயசு, எது போர்?

வீட்டுச்செவிலி:

வணக்கம். வேலூர் மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் செவிலியர் நான். இந்தப் பக்கம் தெருவுக்கு ரெண்டு பட்டாளத்து வீடு இருக்கும். பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கப் போன இடத்தில் வீட்டார் வேறு சிலதும் சொல்கிறார்கள். மூன்று பேர் விவரம் கீழே. அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

முதலாமவருக்கு 76 வயது. 1971-ல் மேற்கு முனையில் டாங்கிப் படை. மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. விடியற்காலை 3, 4 மணிக்கு இந்தியில் கத்துகிறார், உதைக்கிறார். போன மாதம் கட்டிலிலிருந்து விழுந்து புருவத்தில் தையல். பக்கத்து கிளினிக்கில் எழுதிக் கொடுத்த அல்பிரசோலாம் (பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் மாத்திரை) 0.5 மி.கி. நாலு மாதமாக ஓடுகிறது. பகலில் தள்ளாடுகிறார். பி.பி.க்கு அம்லோடிபின், புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் ஏற்கெனவே உண்டு. தெரியாத பாஷையில் பேசுகிறார் என்று மந்திரித்துக் கயிறும் கட்டியிருக்கிறார்கள்.

இரண்டாமவர் 61. இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படையோடு 1987-ல் யாழ்ப்பாணம் போனவர். வங்கியில் கன்மேன் வேலை முடிந்து ஒரு வருடம். தினம் கேன்டீன் ரம் ஒரு குவார்ட்டர், சில நாள் அதற்கு மேலும். யாரிடமும் பேச்சில்லை. லைசென்ஸ் துப்பாக்கி வீட்டு பீரோவில் இருக்கிறது.

மூன்றாமவர் 79. மூன்று வருடமாக ஞாபக மறதி. பொழுது சாயும் நேரம் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு "வரானுங்க, லைட்டை அணை" என்கிறார். குளிப்பாட்டப் போனால் அடிக்கிறார், மருமகள் கையில் காயம். இவரும் 1971-ல் முன்வரிசையில் இருந்தவர்.

இதில் எது போரின் மிச்சம், எது முதுமை என்று எப்படிப் பிரிப்பது? வீட்டாருக்கு நாளைக்கே என்ன சொல்லலாம்? எங்கே, எந்தக் காகிதத்தோடு அனுப்பலாம்?

நிலாமுற்றம்:

சிஸ்டர், முதலாமவரிலிருந்து தொடங்குகிறேன். அவருக்குத்தான் பொருந்தாத மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது.

முதியவர் தூக்கத்தில் கத்தினால் நாலு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, போர் நினைவு திரும்பி வரும் கெட்ட கனவு. வியர்த்து, நெஞ்சு படபடத்து எழுவார். நடந்த சம்பவமே கனவில் வரும். மறுபடி தூங்கப் பயப்படுவார். பகலிலும் திடுக்கிடல், சில பேச்சைத் தவிர்ப்பது, சுவரை முதுகுக்கு வைத்து உட்காருவது எல்லாம் கூடவே இருக்கும்.

இரண்டு, கனவு காணும் கட்டத்தில் உடம்பு தளர்ந்து கிடக்க வேண்டியது தளராமல் போவது. மருத்துவர்கள் ஆர்.பி.டி. என்பார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு அதிகம். கனவுக் கட்டம் இரவின் கடைசிப் பகுதியில் நீளும் என்பதால் பெரும்பாலும் விடியற்காலையில் நடக்கும். கண் மூடியே இருக்கும், அடி உதை கனவுக்குப் பொருத்தமாக இருக்கும். எழுப்பினால் சில நொடிகளில் தெளிந்து கனவைச் சொல்லிவிடுவார். இதைத் தவறவிடக் கூடாது. பலருக்குப் பார்க்கின்சனோ லூயி பாடி மறதிநோயோ வருவதற்குப் பல வருடம் முன்பே தெரியும் அறிகுறி இது. அதனால் கூடவே மூன்றைப் பாருங்கள்: காபித்தூள், பெருங்காயம் வாசனை தெரிகிறதா, நாள்பட்ட மலச்சிக்கல் உண்டா, நடக்கையில் ஒரு கை மட்டும் வீசாமல் இருக்கிறதா.

மூன்று, தூக்கத்தில் மூச்சுத் தடை. பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம். இது ஆர்.பி.டி. போலவே உதைக்கவும் வைக்கும். நான்கு, திடீர்க் குழப்பம். கண் திறந்திருக்கும், ஆள் தெரியாது, பகலிலும் ஏறி இறங்கும், சில நாட்களுக்குள் தொடங்கியிருக்கும். அப்படியென்றால் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சிறுநீர் அடைப்பு, புதிதாகச் சேர்த்த மாத்திரை இவற்றைத் தேட வேண்டும். அன்றே ஆஸ்பத்திரி.

முதல் இரண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் வரும்.

வீட்டாரிடம் 14 இரவுக்கு ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள்: படுத்த நேரம், கத்திய நேரம், கண் மூடியா திறந்தா, கூப்பிட்டு எத்தனை நொடியில் ஆளைத் தெரிந்தது, கனவைச் சொன்னாரா, வியர்வை உண்டா, அன்று என்ன மாத்திரை, குடித்தாரா. முடிந்தால் போனில் இரண்டு நிமிட வீடியோ. மருத்துவர் அரை மணி நேரம் கேட்டு வாங்கும் விவரத்தைவிட அந்த வீடியோ அதிகம் சொல்லும்.

இன்னொன்றும் கேளுங்கள்: இது உண்மையிலேயே புதிதா? மனைவி பக்கத்தில் படுத்திருந்த காலம் முழுக்க அந்த அம்மாவே தட்டி எழுப்பித் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்திருக்கலாம், பிள்ளைகளுக்குத் தெரிந்தே இருக்காது. ஓய்வு, துணையின் சாவு, பெரிய நோய், இந்த மூன்றுக்குப் பிறகு பழைய போர் நினைவு கிளம்புவதை மூத்த படைவீரர்களிடம் ஆராய்ச்சியாளர்கள் தனியாகவே குறித்திருக்கிறார்கள். அதுவரை வேலையும் குடும்பமும் மூடி வைத்திருந்தது, மூடி போனதும் மேலே வருகிறது.

இந்தியில் கத்துவதில் பேயும் இல்லை, காற்றும் இல்லை. பதினெட்டு, இருபது வயதில் கட்டளை கேட்டதும் கொடுத்ததும் அந்த மொழியில்தான். அந்த நினைவு அந்த மொழியிலேயே வருகிறது. இந்த ஒரு வரியைச் சொன்னாலே பல வீட்டில் பாதிப் பயம் போய்விடும். கயிறு இருந்துவிட்டுப் போகட்டும், அதைக் கழற்றச் சொல்லிச் சண்டை வேண்டாம்.

இப்போது மாத்திரை. அல்பிரசோலாம் முதியவருக்குக் கால் தடுமாற்றம், விழுதல், குழப்பம் எல்லாம் தரும். போர் நினைவுக் கோளாற்றுக்கு மருந்தும் அல்ல. மூச்சுத் தடை இருந்தால் அதையும் கூட்டும். ஆனால் ஒரே நாளில் நிறுத்தவே கூடாது. நாலு மாதம் போட்டவருக்குச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் பங்குக்குள் குறைத்துக்கொண்டே வருவது வழக்கம், அதை மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

கெட்ட கனவுக்குப் பிரசோசின் என்ற, பி.பி.யைக் குறைக்கும் மாத்திரையைச் சிலர் எழுதுவார்கள், இரவில் 1 மி.கி.யில் தொடங்குவது. 2018-ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், 304 படைவீரர்களில், வெற்று மாத்திரையைவிட அது மேலாகத் தெரியவில்லை. சிலருக்கு உதவுகிறது என்பதும் உண்மை. இவர் விஷயத்தில் சிக்கல் வேறு: டாம்சுலோசினும் அதே வகை, அம்லோடிபினும் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் ராத்திரி சிறுநீருக்கு எழுந்த உடனே பி.பி. இறங்கி விழுவார். ஆகவே எந்த மாத்திரைக்கும் முன் நீங்களே ஒன்று செய்யலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து பி.பி. எடுங்கள், எழுந்து நின்ற 1-வது நிமிடமும் 3-வது நிமிடமும் எடுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதை எழுதி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மனச்சோர்வுக்கும் போர் நினைவுக் கோளாற்றுக்கும் கொடுக்கும் செர்ட்ராலின் தொடங்கினால் இந்த வயதில் 25 மி.கி. போதும். இரண்டு வாரத்தில் சோடியம் பார்க்க வேண்டும், அதிலும் பி.பி.க்கு ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் மாத்திரை போடுகிறவருக்குக் கட்டாயம். ஆர்.பி.டி. இருந்தால் இந்த வகை மருந்து உதையைக் கூட்டலாம், அதனால்தான் முதலில் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். ஆர்.பி.டி.க்கு மெலடோனின் 3 மி.கி.யில் தொடங்குவது முதியவருக்கு ஒப்பீட்டில் பாதுகாப்பு.

நாளைக்கே செய்ய வேண்டியது: கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை. கைக்கெட்டும் தூரத்தில் கண்ணாடி டம்ளர், எவர்சில்வர் சொம்பு, மேசை விளிம்பு எதுவும் வேண்டாம். கழிப்பறை வழியில் சின்ன லைட். எழுப்பும்போது தோளைத் தொட்டு உலுக்கவே கூடாது. கால்மாட்டுப் பக்கம், கை எட்டாத தூரத்தில் நின்று, லைட்டைப் போட்டு, பெயரைச் சொல்லி, "நம்ம வீடு, நான் உங்க மகன்" என்று தாழ்ந்த குரலில் இரண்டு மூன்று முறை. தெளிந்த பிறகு தண்ணீர். என்ன கனவு என்று அப்போது கிளற வேண்டாம்.

கரையோரம்:

போதை மீட்புப் பிரிவில் ஆலோசகர் வேலை. இரண்டாமவர் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் துப்பாக்கி. தனிமை, குடி, வேலை போன வெறுமை, வீட்டில் ஆயுதம்: இந்த நாலும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் மற்ற எல்லாமே அப்புறம். லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க ஆயுதச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தேர்தல் வந்தால் எல்லாரும் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வருகிறார்கள்தானே, அதே மாதிரி. "உங்களை நம்பவில்லை" என்று சொல்லிப் பிடுங்கினால் அவமானம். "வேலை முடிந்தது, வீட்டில் பேரப்பிள்ளைகள் ஓடுகிறார்கள், டெபாசிட் செய்துவிடலாம்" என்று சொன்னால் ஆயுதப் பாதுகாப்பு தெரிந்த ஆள் ஒத்துக்கொள்வார். தோட்டாவும் சேர்ந்தே போக வேண்டும். வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்து வீட்டில் இருந்தால் அதுவும் வெளியேற வேண்டும்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். "இருந்து என்ன பிரயோசனம்னு தோணுதா? உயிரை விட்டுடலாம்னு நினைச்சிருக்கீங்களா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" கேட்பதால் எண்ணம் முளைக்காது. மூன்றாவது கேள்விக்கு ஆம் என்றால் அன்று அவரைத் தனியே விடக் கூடாது, மனநல மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்தது குடி. 180 மி.லி. ரம், 42.8 சதவீதம் என்றால் சுமார் 60 கிராம் ஆல்கஹால். 61 வயது உடம்புக்குத் தினசரி அது மிக அதிகம். ஆனால் வீட்டார் கோபத்தில் பாட்டிலை உடைத்து ஒரேயடியாக நிறுத்த வைப்பதுதான் மிக ஆபத்து. நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை. 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை இல்லாதது தெரிவது, கேட்பது, காய்ச்சல், குழப்பம். அந்த நேரத்தில் ஒரு படைவீரருக்குத் தெரிவது எதிரிதான். எலும்பு முறிவுக்கோ கண் ஆபரேஷனுக்கோ சேர்க்கும்போது குடியை மறைப்பதால் இது மூன்றாம் நாள் வார்டில் வெடிக்கிறது. சேர்க்கும்போதே அளவைச் சொல்லிவிடுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (பி1 வைட்டமின்) ஊசி போட்டார்களா என்றும் கேளுங்கள், இல்லாவிட்டால் மூளைக்குப் பாதிப்பு வரலாம். குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்துக்கும் வலிப்புக்கும், இந்த வயதிலும் ஈரல் பழுதிலும் லோரசிபாம் பொருத்தம் என்று மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பார்கள்.

மூன்றாவதுதான் அவர் பேசாதது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அமைதி காக்க என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள், அக்டோபர் 10-லிருந்து போரில் இருந்தார்கள். சுமார் 1,200 இந்திய வீரர்கள் திரும்பவில்லை. அங்கே பொதுமக்கள் பட்ட பாடும் பெரிது. அதில் தமிழ் பேசுகிற சிப்பாய்க்கு ஒரு தனிச் சுமை உண்டு: சோதனையில் கெஞ்சியவர்கள் கெஞ்சியது அவனுக்குப் புரிந்தது. பக்கத்தில் நின்ற மற்ற மாநிலத்துக்காரனுக்குச் சத்தம் மட்டும்தான், இவனுக்கு "ஐயா, பிள்ளையை விடுங்கோ" என்ற சொல். 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஊரிலும் அதைப் பற்றிப் பேச முடியாத சூழல். 1971-க்குப் போனவருக்கு வெற்றி விழா இருக்கிறது, இவருக்கு அதுவும் இல்லை.

பயத்தால் வரும் கோளாறும் இதுவும் ஒன்றல்ல. செய்ததற்கும் தடுக்காமல் விட்டதற்கும் தன்னையே மன்னிக்க முடியாமல் இருப்பதை மனசாட்சிக் காயம் என்று தனியாகவே இப்போது பார்க்கிறார்கள். அதற்கு "விடுங்க சார், நாட்டுக்காகத்தானே செய்தீங்க" என்ற பதில் வேலை செய்யாது, வாயை மூடத்தான் செய்யும். "நீங்க ஹீரோ" என்பதும் அப்படியே. "எத்தனை பேரைச் சுட்டீங்க" என்று யாரும், பேரன்கூட, கேட்கக் கூடாது. தூக்கத்தில் தொடங்குங்கள்: எத்தனை மணிக்கு விழிப்பு, எழுந்தால் என்ன செய்வீர்கள், எந்த மாதம் ரொம்ப மோசம். அக்டோபர் என்பார் பெரும்பாலும். மனசு என்று கேட்டால் மூடிக்கொள்ளும் ஆள், உடம்பு என்று கேட்டால் சொல்வார்.

குடி அடங்கி ஒரு மாதமாவது ஆன பிறகுதான் மனச் சிகிச்சை பிடிக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டையும் சேர்த்தே நடத்தலாம். எண்ணச் சீரமைப்புச் சிகிச்சை 12 அமர்வு, நினைவை நேராகச் சந்திக்கும் சிகிச்சை 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம் வரை. அறுபது தாண்டிவிட்டது என்பது மறுக்கக் காரணமே அல்ல. வாரம் இரண்டு முறை சின்ன அமர்வாக மாற்றினால் முதியவர்கள் தாங்குகிறார்கள். மனைவியை முதல் அமர்விலேயே தனியாகச் சந்தித்துப் பேசச் சொல்லுங்கள், முப்பது வருடம் வேறு அறையில் படுத்தவராக இருப்பார்.

முதுமைத்துணை:

மூன்றாமவருக்கு. மறதிநோய் உள்ள முதியோரைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் இருக்கிறேன்.

பொழுது சாயும்போது குழப்பம் கூடுவது எந்த மறதிநோயாளிக்கும் உண்டு. ஆனால் இவர் செய்வதைப் பட்டாளத்துக்காரர் கண்ணால் பாருங்கள். விடியலிலும் அந்தியிலும்தான் தாக்குதல் வரும் என்று முன்வரிசையில் எல்லாரும் ஆயுதத்தோடு நிலைக்குப் போய் நிற்பார்கள், ஸ்டேண்ட் டூ என்பார்கள். இருட்டி முடிந்ததும் ஸ்டேண்ட் டவுன். 1971-ல் இருட்டடிப்பும் இருந்தது, வெளிச்சம் தெரிந்தால் குண்டு. அவர் கதவுக்குப் பின்னால் நிற்பதும் லைட்டை அணைக்கச் சொல்வதும் அந்தப் பயிற்சிதான். அண்மை நினைவு அழிந்துகொண்டே போக, அடியில் இருக்கிற இருபத்தைந்து வயசு நினைவு வெளியே தெரிகிறது.

பொதுவாக நாங்கள் சொல்வது, இருட்டும் முன்பே எல்லா லைட்டையும் போடுங்கள் என்று. இவர் வீட்டில் அதை அப்படியே செய்தால் பயம் கூடும். வரிசையை மாற்றுங்கள். ஐந்து மணிக்கு அவரையே கூட்டிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போய்க் கனமான திரை போடுங்கள், தாழ்ப்பாளை அவரே போடட்டும். "வெளியே தெரியாது, பார்த்துட்டேன்" என்று ஒருவர் வெளியிலிருந்து சொல்லட்டும். அதற்குப் பிறகுதான் லைட். திரை போடுவதால் கண்ணாடியில் தன் நிழலையே ஆள் என்று நினைப்பதும் நின்றுவிடும். முடிவில் சூடான டீ, தினமும் ஒரே டம்ளரில், "ஸ்டேண்ட் டவுன்" என்ற அதே சொல்லோடு. "யாரும் வரலை, சும்மா இருங்க" என்று வாதாடினால் அவர் கண்ணில் நீங்கள் காவலில் அசட்டையாக இருக்கிற ஆள். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் பலருக்கு நிற்கும் நேரம் குறைகிறது.

குளியல். கதவை மூடிய சின்ன அறை, துணியை ஒருவர் உருவுவது, பின்னாலிருந்து தலையில் கொட்டும் தண்ணீர், எதிரொலிக்கும் வாளிச் சத்தம். யாருக்குமே பயம்தான், இவருக்கு இரட்டிப்பு. மருமகள் வேண்டாம், ஆண் ஒருவர். தண்ணீர் முதலிலேயே நிரப்பியிருக்க வேண்டும், குழாய் ஓடக் கூடாது. கதவு பாதி திறந்து, அவர் கதவைப் பார்த்து உட்கார வேண்டும். தோளில் பெரிய துண்டு போட்டபடியே பாதத்திலிருந்து மேலே, ஒவ்வொன்றுக்கும் முன் சொல்லிவிட்டு, சொம்பை அவர் கையில் கொடுத்து. தலைக்கு இன்னொரு நாள். வாரம் இரண்டு முறை போதும், மற்ற நாள் துடைத்தாலே சுத்தம்.

அடிக்கிறார் என்றதும் மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் சொட்டு மருந்து வாங்கி வந்துவிடுகிறார்கள். மறதிநோயில் இந்த வகை மருந்துகள் பக்கவாதம், மரணம் இரண்டின் வாய்ப்பையும் கூட்டுகின்றன. இல்லாத ஆட்கள் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிவதாகச் சொல்லி, நடையும் விறைத்திருந்தால் அது லூயி பாடி வகையாக இருக்கலாம், அவர்களுக்கு ஹாலோபெரிடால் உடம்பையே கட்டிப்போட்டுவிடும். முதலில் வலியைத் தேடுங்கள். முழங்கால், பல், மலச்சிக்கல், பழைய காயம். சொல்லத் தெரியாத வலிதான் பாதி அடிக்குக் காரணம். மருத்துவரைக் கேட்டு பாரசிட்டமால் வேளை தவறாமல் இரண்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது, ஒரு நாளைக்கு 3 கிராம் தாண்டாமல், ஈரல் சரியாக இருந்தால், மிக எளிய சோதனை.

காதையும் பாருங்கள். டாங்கி, பீரங்கிப் பக்கம் இருந்தவர்களுக்கு மேல் ஸ்தாயி முதலில் போகும். முன்னால் வந்தால் கேட்கும், பின்னால் வந்தால் கேட்காது, திடீரென்று தொட்டதும் திருப்பி அடிப்பார். அழுக்கை எடுத்துவிட்டுக் கேட்புச் சோதனை.

மூளை எம்.ஆர்.ஐ. எழுதினால் ஒரு விஷயம்: போரில் சில்லு பட்டவரா என்று கேட்டு, பட்டிருந்தால் ஸ்கேன் எடுப்பவரிடம் முன்பே சொல்லி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே அனுப்ப வேண்டும். கண்ணுக்கோ ரத்தக் குழாய்க்கோ பக்கத்தில் இரும்புச் சில்லு இருந்தால் காந்தம் அதை நகர்த்தும். மறதிநோயாளிக்கு அது நினைவில் இருக்காது, வீட்டாருக்குத் தெரிந்திருக்கவும் மாட்டாது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கையைக் கட்ட விடாதீர்கள். கூட ஒரு ஆளை உட்கார வையுங்கள். சிறுநீர்க் குழாய் தேவை முடிந்த அன்றே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

போருக்கும் மறதிக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பார்கள். 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வு, 55 வயதுக்கு மேற்பட்ட 1,81,093 முன்னாள் படைவீரர்களை ஏழு வருடம் தொடர்ந்தது. போர் நினைவுக் கோளாறு இருந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு மறதிநோய் வந்தது, இல்லாதவர்களில் 6.6. கூடுகிறது, ஆனால் இருந்தவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு அந்தக் காலத்தில் வரவில்லை. வீட்டாரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ்புக்:

காகிதப் பக்கம்.

சிகிச்சைக்கு: பென்ஷன் வாங்கும் முன்னாள் படைவீரருக்கும் மனைவிக்கும் இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் உண்டு, 2003 ஏப்ரலில் தொடங்கியது. 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குச் சந்தாவே கிடையாது. முதலாமவரும் மூன்றாமவரும் அதில் வரலாம். "பணம் கட்டணுமே" என்று சேராமல் விட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் மனநல மருத்துவருக்கும் நரம்பு மருத்துவருக்கும் பரிந்துரை கேட்டு வாங்க வேண்டும். "தூக்கம் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். நிலாமுற்றம் சொன்ன 14 இரவு நோட்டையும் நின்ற நிலை பி.பி. அளவையும் கொண்டுபோனால் பரிந்துரை சுலபம். அவசரத்தில் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும், இல்லாவிட்டால் பில் திரும்ப வாங்குவது கஷ்டம்.

ஊனமுற்றோர் பென்ஷன் பற்றி வீட்டார் கட்டாயம் கேட்பார்கள். படையிலிருந்து வெளியே வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் மருத்துவ வகை என்ன என்று பாருங்கள். ஷேப் என்ற ஐந்து எழுத்தில் முதல் எழுத்து எஸ், மனநிலை. அதில் தாழ்த்தப்பட்டு வெளியே அனுப்பப்பட்டவராக இருந்தால் வழக்குக்கு நல்ல அடித்தளம் உண்டு. சேரும்போது இல்லாத நோய் பணியில் வந்தால் அது பணியால் வந்ததாகவே கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் சொன்னது. ஊன அளவு 20 சதவீதத்துக்குக் குறைந்தால் பொதுவாக அந்தப் பென்ஷன் இல்லை. ஷேப்-1, அதாவது முழுத் தகுதி, என்று எழுதி வெளியே வந்து, எழுபது வயதில் முதல்முறை பதிவாகிறது என்றால் நேர்மையாகச் சொல்ல வேண்டும், மிகக் கடினம். இங்கே வருத்தமான விஷயம், எஸ் தாழ்ந்தால் பதவி உயர்வு போய்விடும் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் மறைத்தார்கள். மறைத்ததற்கான விலையைக் குடும்பம் இப்போது கொடுக்கிறது. சதவீதம் பேசிக் கமிஷன் கேட்கும் ஆட்களிடம் அசல் காகிதத்தைக் கொடுக்க வேண்டாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பத்துக்கு உதவுவார்கள். வழக்கு என்றால் படைத்துறைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு.

மூன்றாமவருக்கு ஒன்று மறக்காமல் செய்யுங்கள்: வருடாந்திர உயிர்ச் சான்று. கைரேகை தேய்ந்திருக்கும், அந்நியர் கையைப் பிடித்தால் உதறுவார். வீட்டிலேயே போனில் முகத்தைக் காட்டி எடுக்கும் முறை ஜீவன் பிரமாண் என்ற அரசின் டிஜிட்டல் உயிர்ச் சான்று ஏற்பாட்டில் இருக்கிறது, காலை நேரத்தில் எடுங்கள். அது தவறினால் பென்ஷன் நிற்கும், மருந்தும் நிற்கும்.

வீட்டுச்செவிலி:

எல்லாருக்கும் நன்றி. முதலாமவருக்கு நின்ற நிலையில் மேல் அளவு 28 இறங்குகிறது, நோட்டோடு அனுப்புகிறேன். இரண்டாமவரின் மனைவியிடம் ஸ்டேஷன் டெபாசிட் பேசினேன், அவரே கூட வருகிறேன் என்கிறார். ஒரு கேள்வி மிச்சம்: தீபாவளி வெடிக்கு என்ன செய்வது? போன வருடம் முதலாமவர் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அன்றைக்கு மட்டும் தூக்க மாத்திரை கேட்கிறார்கள்.

நிலாமுற்றம்:

28 என்றால் கட்டாயம் அனுப்புங்கள், டாம்சுலோசின் நேரத்தையாவது மாற்றுவார்கள். மெத்தையிலேயே இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் பிறகு எழச் சொல்லுங்கள்.

வெடிக்கு மாத்திரை வேண்டாம். அரை மயக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டால் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் எழுவார், விழுவார். அவரைத் தாக்குவது சத்தம் மட்டும் அல்ல, எப்போது வரும் என்று தெரியாததும்தான். ஆகவே முன்கூட்டியே சொல்லுங்கள். தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. யாரும் முழுக்கக் கடைப்பிடிப்பதில்லை, ஆனாலும் அந்த இரண்டு மணி நேரத்தைக் காலண்டரில் எழுதி அவருக்குக் காட்டலாம். பக்கத்து வீட்டாரிடம் பேசி, அணுகுண்டும் சரமும் தெருக்கோடியில் வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, திரியில் நெருப்பு வைப்பதைக் கண்ணால் பார்க்க விடுங்கள், வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். உள்ளே இருப்பதானால் தெருவுக்கு எட்டாத அறை, மின்விசிறி, நாதஸ்வரமோ பழைய பாட்டோ சீரான சத்தத்தில். காதை முழுக்கப் பஞ்சால் அடைக்க வேண்டாம், எதுவும் கேட்காதபோது இன்னும் விழிப்பாகிவிடுவார்கள் சிலர்.

வெடிமருந்து வாசனையும் அதே அளவு கிளறும். ஈரத் துணியைக் கதவு இடுக்கில் வையுங்கள். அதுபோலவே ஜெனரேட்டர் டீசல் புகை, டாங்கிக்காரருக்கு அது ரொம்பக் கிட்டத்து வாசனை. சாவு ஊர்வல வேட்டு சொல்லாமல் வரும், தெருவில் யாராவது போனில் தகவல் சொல்ல ஏற்பாடு செய்துவிடுங்கள். போர்ச் செய்தி ஓடும் நாட்களில் டி.வி.யை அணைத்துவிட்டுப் பத்திரிகை கொடுங்கள். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் நடந்தபோது அந்தச் சைரன் சத்தத்தோடு நாள் முழுக்க ஓடியதே, அந்த மாதிரி. 1971 போர் நடந்த நாட்களான டிசம்பர் 3-லிருந்து 16 வரை கொஞ்சம் அடிக்கடி போய்ப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் விஜய் திவஸ் (அந்தப் போரின் வெற்றி நாள்) மரியாதைக்குக் கூப்பிட்டால் முதல் நாளே அவரிடம் கேட்டு, சரி என்றால் மட்டும், வாசல் பக்கத்து நாற்காலியில்.

சாப்பாடு இறங்காத இரண்டு நாளுக்குக் கஞ்சி, மோர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை டம்ளர். அந்த நாட்களில் பி.பி. மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.